அத்தியாயம் 6: கணு இருந்தால் கொடி உண்டு

பினாங்கில் மணி பிளாண்ட் வேர் விடவில்லை என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றாகத்தான் இருக்கும். கணு இல்லாத துண்டை வைத்திருப்பார்; அல்லது நல்ல துண்டை வைத்து அழுகவிட்டிருப்பார். குளிர்நாட்டுத் தோட்டக்கலை நூல்களைப் புரட்டினால், அடியில் மின்சாரச் சூட்டுத்தட்டு வேண்டும், மேலே கண்ணாடி மூடி வேண்டும், வசந்தம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். ஜார்ஜ்டவுனில் இரவு 24 டிகிரி, பகல் 31, 32 டிகிரி. காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. அவர்கள் காசு கொடுத்து உண்டாக்கும் சூழல் நமக்குக் கடைவீட்டு முகப்பின் அஞ்சடி நடைபாதையிலேயே கிடக்கிறது. அதனால் வேர் விட வைப்பதைப் பற்றி இந்த அத்தியாயத்தில் அதிகம் சொல்லப்போவதில்லை. எந்தத் துண்டை வெட்டுவது, வேர் வந்தபின் என்ன செய்வது, ஜாடித் தண்ணீரில் கொசு முட்டையிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, இவைதான் இந்த ஊரில் கவனிக்க வேண்டியவை.

இரண்டு கொடிகளை விரிவாகப் பார்க்கலாம். ஒன்று, காப்பிக்கடைக் கல்லாவில் தொடங்கி ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடி நடைபாதைவரை எங்கும் தொங்கும் மணி பிளாண்ட். மற்றது வெற்றிலை. மற்றக் கொடிகளை நடுவில் கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாம்.

மணி பிளாண்ட்: விதை இல்லாத செடி

மலாய்க்காரர்கள் சீரே காடிங் என்று அழைக்கும் இந்தக் கொடியின் தாய்மண் பசிபிக் கடலிலுள்ள மோரியா தீவு. 1880இல் ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் இதற்கு போத்தோஸ் ஆரியஸ் என்று பெயர் வைத்தார்கள். இன்றைய பெயர் எபிப்ரெம்னம் ஆரியம். வீட்டில் வளரும் மணி பிளாண்ட் பூப்பதில்லை. செடியைப் பூக்கத் தூண்டும் ஜிப்பரெல்லின் என்ற சுரப்பை உண்டாக்கும் மரபணு இதில் சரியாக வேலை செய்யவில்லை என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பூ இல்லை என்றால் காய் இல்லை, விதையும் இல்லை. ஆக, உங்கள் வீட்டுக் கொடி, எதிர்வீட்டு ஆச்சி வீட்டுக் கொடி, சென்னையில் உங்கள் உறவினர் வீட்டுக் கொடி எல்லாமே யாரோ, எப்போதோ வெட்டி வைத்த துண்டின் தொடர்ச்சிதான். துண்டிலிருந்து வளர்வது இந்தச் செடியின் பிழைப்பே என்பதால் அதில் கைதேர்ந்திருக்கிறது.

கொடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் தண்டைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு வரி ஓடும். அதுதான் கணு. காம்பின் இடுக்கில், சட்டெனக் கண்ணில் படாமல், கூரான சிறு மொட்டு ஒன்று பதுங்கியிருக்கும். புதுக் கொடி அதிலிருந்துதான் கிளம்பும். தண்டின் மறுபக்கத்தில் பழுப்பு நிறத்தில் மரு போன்ற ஒரு புடைப்பு. விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். இது காற்றுவேர். சுவரையோ மரத்தையோ தொட்டால் பிடித்துக்கொள்ளும். ஈரத்தைத் தொட்டால் மண்வேராக மாறும். முளைக்கும் மொட்டும் பிடிக்கும் வேரும் கணுவில்தான் இருக்கின்றன. இரண்டு கணுவுக்கு நடுவில் உள்ள வழவழப்பான தண்டில் எதுவும் இல்லை. இலையை மட்டும் காம்போடு கிள்ளித் தண்ணீரில் போட்டால் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும், சில நேரம் அடியில் வேர்கூட விடும். ஆனால் மொட்டு இல்லாததால் அது கடைசிவரை ஓர் இலைதான், கொடியாகாது.

எதை வெட்டுவது என்பதில் பலரும் நுனியைத்தான் ஆசையாக வெட்டுவார்கள். புதுத்தளிர் அழகாக இருக்கிறதே என்ற எண்ணம். அந்தத் தளிர் இன்னும் முற்றாதது. தண்ணீர் இழப்பதும் வேகம், அழுகுவதும் வேகம். நுனியிலிருந்து இரண்டு மூன்று இலை தள்ளி, தண்டு பச்சையாகவும் உறுதியாகவும் இருக்கும் நடுப்பகுதியே நல்லது. அடிப்பக்கத்தில் இலை உதிர்ந்து மரத்துப்போன மொட்டைத் தண்டும் வீண் இல்லை. கணு காயாமல் இருந்தால் அதுவும் முளைக்கும், கொஞ்சம் தாமதமாக.

கத்தரிக்கோலையோ கத்தியையோ மருந்துக்கடை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். கணுவுக்குக் கீழே அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். கணுவை ஒட்டியே வெட்டினால், வெட்டு வாயில் அழுகல் பிடிக்கும்போது அது நேரே வேர்ப்புடைப்புக்குப் போய்விடும். ஒரு நீளக் கொடியை ஒரே துண்டாகத் தண்ணீரில் விடாதீர்கள். அது தாய்க்கொடியைப் போலவே ஒற்றை வாலாக நீளும். ஒரு கணு, ஓர் இலை என்று நறுக்கினால் ஆளுயரக் கொடி ஒன்றிலிருந்தே ஒரு தொட்டி நிறைய செடி கிடைக்கும். நறுக்கும்போது எது மேல்பக்கம், எது கீழ்ப்பக்கம் என்பது குழம்பக் கூடாது. வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற சுரப்பு தண்டுக்குள் நுனியிலிருந்து அடி நோக்கி இறங்கி வெட்டு வாயருகே சேர்கிறது. தலைகீழாக நட்டால் செடி திணறும். கீழ்ப்பக்கத்தைச் சாய்வாகவும் மேல்பக்கத்தை நேராகவும் வெட்டும் பழக்கம் வைத்துக்கொண்டால் எத்தனை துண்டு கலந்து கிடந்தாலும் பிரச்சினை வராது.

சாறு கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும். கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப்படிகங்கள்தான் காரணம். குழந்தை கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். பூனைக்கும் அதே கதி. பூனை இல்லாத ஜார்ஜ்டவுன் சந்து ஏது? நறுக்கிய துண்டுகளைத் தரையில் பரப்பி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

மணி பிளாண்ட்டைத் திருடி வைத்தால்தான் காசு சேரும் என்ற நம்பிக்கை தமிழ் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. திருடியும் வாங்கியும் வைத்த இரண்டுமே ஒரே மாதிரிதான் வளர்கின்றன. அஞ்சடியில் தொங்கும் கொடிக்கு உள்ளே ஒரு சொந்தக்காரர் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார். நீண்டு தொங்குவதை எப்போது வெட்டுவது என்றுதான் அவரும் யோசித்துக்கொண்டிருப்பார். ஜாலான் கெபுன் பூங்கா தாவரவியல் தோட்டத்துக் கொடிகளில் மட்டும் கத்தியை வைக்காதீர்கள். 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் பொறுப்பில் தொடங்கி இன்றுவரை பேணப்படும் தோட்டம் அது. அங்கிருந்து ஓர் இலைகூட எடுத்துப்போகக் கூடாது.

தண்ணீர் ஜாடியும் கொசுவும்

கணு மட்டும் மூழ்க, இலை வெளியே நிற்க, ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ காயா ஜாடியிலோ துண்டை வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை வேர் தெரியும். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் தெளிந்து, அசையாமல், நிழலில் நிற்கும் தண்ணீர்தான் டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். நீங்கள் செடிக்காக வைத்த ஜாடி அதன் கணக்கில் பிரசவ அறை. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். மலேசியாவில் இது வெறும் சுகாதார அறிவுரையாக நிற்பதும் இல்லை. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சோதனைக்கு வரும் சுகாதார அதிகாரி உங்கள் வீட்டில் கொசுப்புழுவைக் கண்டால் 500 ரிங்கிட் வரை அபராதம் போட முடியும். அலங்கார ஜாடி, வாளி, பூந்தொட்டித் தட்டு என்றெல்லாம் அவர் வித்தியாசம் பார்ப்பதில்லை.

வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் போதும் என்று பலரும் நம்புகிறார்கள். பாதிதான் சரி. ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஜாடியின் ஈரமான உட்சுவரில் ஒட்டவைக்கிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினால் முட்டை அங்கேயே இருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிர் போகாது. பிறகு என்றைக்காவது தண்ணீர் அந்த மட்டத்தைத் தொட்டதும் பொரிக்கும். ஆகவே ஐந்து நாளுக்கு ஒருமுறை துண்டுகளை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் பிரஷ்ஷால் ஜாடியின் உட்சுவரை, குறிப்பாகத் தண்ணீர்க்கோடு படிந்த இடத்தை, நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். துண்டின் தண்டில் படிந்த வழுவழுப்பையும் விரலால் நீவிக் கழுவிவிடுங்கள். அழுகல் தொடங்குவதும் அந்த வழுவழுப்பில்தான்.

ஜாடியின் வாயை மூடிவிட்டால் இன்னும் நிம்மதி. பழைய கொசுவலைத் துணியை வெட்டி, துண்டு நுழையும் அளவுக்குக் கீறி, ரப்பர் பேண்டால் வாயைச் சுற்றிக் கட்டுங்கள். பஞ்சை அடைக்காதீர்கள், அது எப்போதும் ஈரமாக இருந்து தண்டை அழுகவைக்கும். அபேட் என்ற கொசுப்புழு மருந்து போடலாமா என்று சிலர் கேட்பார்கள். அது பெரிய தொட்டிக்கும் தேக்கி வைக்கும் பீப்பாய்க்குமான மருந்து. ஒரு குவளைத் தண்ணீருக்கு எத்தனை மணி போடுவது என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிடத் தேய்ப்பது சுலபம்.

ஜாடியில் அரிசி கழுவின தண்ணீர், சர்க்கரை, பனடோல் மாத்திரை என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஒன்றும் வேண்டாம். வேர் இல்லாத துண்டு உரத்தைக் குடிக்காது, கிருமிதான் குடிக்கும். அரிசித் தண்ணீர் மூன்றாம் நாளே நாறும். குழாய்த் தண்ணீரே போதும்.

உண்மையைச் சொன்னால் இந்த ஊருக்குத் தண்ணீர் ஜாடியைவிட மண்ணையே நான் பரிந்துரைப்பேன். ஐந்து நாளுக்கு ஒருமுறை தேய்க்கும் பொறுமை எல்லா வீட்டிலும் இருக்காது. டிங்கி ஒரு வீட்டில் வந்தால் வரிசை வீடு முழுக்கப் படுத்துக்கொள்ளும். தண்ணீரில் வந்த வேர் மண்ணுக்குப் பழக மறுபடி ஒரு வாரம் தடுமாறும். மண்ணில் வந்த வேருக்கு அந்தத் தடுமாற்றம் கிடையாது.

மண்ணில் நடுவது

வேர்விடும் கலவை காற்றோட்டமாக இருக்க வேண்டும்; சத்து இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நர்சரியில் மூட்டையாக விற்கும் கறுப்பு மண்ணை மட்டும் போட்டால் மழைக்காலத்தில் களியாகிவிடும். கருக்கிய உமி ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, இந்தக் கலவை போதும். உமியும் நாரும் செடிக்கடைகளில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். பத்து ஃபெரிங்கி கடற்கரை மணலை வாளியில் அள்ளி வந்துவிடாதீர்கள். உப்பு வேரைப் பொசுக்கும். நார்த்தூளையும் ஒருமுறை தண்ணீரில் அலசிப் பிழிந்து சேர்ப்பது நல்லது. மலிவுச் சரக்கில் உப்பு இருப்பதுண்டு.

அடியில் ஆணியால் நான்கைந்து ஓட்டை போட்ட மைலோ டின், ஐஸ்கிரீம் டப்பா, எதுவும் ஆகும். ஓட்டை முக்கியம், டப்பா முக்கியம் இல்லை. கலவையை நனைத்து, கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் விழும் ஈரத்தில் நிரப்புங்கள். ஒரு கணுத் துண்டைச் சாய்த்துப் படுக்கவைத்து, வேர்ப்புடைப்பு மண்ணைத் தொட, மொட்டு மண்மட்டத்தை ஒட்டி நிற்க, இலை வெளியே இருக்க அழுத்துங்கள். ஆழமாகப் புதைக்கத் தேவையில்லை. மேல்மண் காயத் தொடங்கும்போது லேசாகத் தெளித்தால் போதும். மூன்று நான்கு வாரத்தில் இலையை மெல்ல இழுத்துப் பாருங்கள். வராமல் பிடித்துக்கொண்டால் வேர் வந்துவிட்டது. தினமும் பிடுங்கிப் பார்ப்பவர்களும் உண்டு. அவர்கள் செடிக்கு வேர் வருவதில்லை.

வேர்த்தூண்டி ஹார்மோன் பொடி கடைகளில் இருக்கிறது. மணி பிளாண்ட்டுக்கு அது வீண்செலவு. ஹோயா போன்ற மெதுவான கொடிக்கு வேண்டுமானால் வாங்கலாம்.

பாலித்தீன் பையால் மூடும் முறை குளிர்நாட்டு வழக்கம். இங்கே மூடினால் உள்ளே வேக்காடு எடுத்துத் துண்டு அழுகும். நாள் முழுக்க ஏர்கான் ஓடும் அறையில் வைத்தால் மட்டும் மூடலாம். அந்தக் காற்று அவ்வளவு வறண்டது.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கடைவீடுகள் முகப்பில் குறுகி, உள்ளே ரயில் பெட்டி போல நீளமாகப் போகும். வாசலில் ஒரு வெளிச்சம், நடுவே கூரை திறந்த முற்றத்தில் ஒரு வெளிச்சம், இரண்டுக்கும் இடையில் பகலிலும் விளக்குப் போடவேண்டும். மணி பிளாண்ட் இருட்டில் சாகாது என்பது உண்மை, ஆனால் இருட்டில் வேர் விடுவது மெதுவாகும், அழுகல் முந்திக்கொள்ளும். வேர் வரும்வரை முற்றத்து ஓரத்திலோ அஞ்சடித் தூணருகிலோ வையுங்கள். கூரைத்தண்ணீர் சொட்டும் இடம் வேண்டாம். மஞ்சள் கோடு போட்ட வகையை இருட்டில் வைத்தால் புதிய இலைகள் பச்சையாகவே வரும். வெளிச்சத்துக்கு மாற்றினால் அடுத்தடுத்த இலைகளில் கோடு திரும்பும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு எதிர்ப் பிரச்சினை. மேற்குப் பார்த்த பால்கனியில் மூன்று மணி வெயில் இலையைத் தீய்த்துவிடும். கைப்பிடிச்சுவருக்கு வெளிப்பக்கம் எந்தத் தொட்டியையும் தொங்கவிட வேண்டாம். ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை விடியற்காலையில் வரும் சுமத்ரா காற்றுக்குத் தொட்டியும் இலையும் ஒன்றுதான். கீழே மனிதர்கள் நடக்கிறார்கள்.

எந்த மாதத்திலும் வைக்கலாம். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் தெளிப்பதைக் கூட்டுங்கள். செப்டம்பர், அக்டோபர் மழையில் கூரைக்கு அடியில் வைத்து, தெளிப்பதை நிறுத்துங்கள். இந்த மழை மாதங்களில் பெரிய நத்தை ஒரே இரவில் ஒரு டப்பாத் துண்டுகளையும் மொட்டையடித்துவிடும். டப்பாவைத் தரையில் வைக்காமல் முக்காலியில் ஏற்றுங்கள்.

தொட்டி நிறைந்து தொங்க வேண்டுமானால்

நம் வீடுகளில் கேட்கும் புகார் இதுதான்: வேர் வந்தது, நட்டோம், ஒற்றைக் கொடியாக நீண்டுகொண்டே போகிறது, தொட்டி மொட்டையாக இருக்கிறது. செடியின்மேல் குற்றம் இல்லை. மணி பிளாண்ட் தானாகக் கிளை விடுவது அபூர்வம். கடையில் பார்க்கும் அடர்ந்த தொங்குதொட்டியில் இருப்பது ஒரு செடி அல்ல. ஏழெட்டுத் துண்டுகள் ஒன்றாக நடப்பட்டிருக்கும். பதினைந்து சென்டிமீட்டர் தொட்டிக்கு ஆறு முதல் எட்டு வேர்பிடித்த துண்டுகளை விளிம்பை ஒட்டி வட்டமாகவும் நடுவில் ஒன்றிரண்டுமாக நடுங்கள். தண்ணீரில் வேர்விட்டதாக இருந்தால் வேர் ஐந்தாறு சென்டிமீட்டர் ஆனதும் மாற்றிவிடுங்கள். ஜாடி முழுக்கச் சுருண்டபின் மாற்றினால் அந்த மெல்லிய வேர்கள் கையிலேயே ஒடியும். முதல் வாரம் மண்ணை ஈரம் குறையாமல் வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வழக்கமான அளவுக்குக் குறையுங்கள். புது இலை விரிந்தபின்தான் உரம், அதுவும் பாக்கெட்டில் சொல்லும் அளவில் பாதி.

கொடிகள் ஒரு முழம் நீண்டதும் நுனியைக் கிள்ளுங்கள். வெட்டுக்குக் கீழே உள்ள கணுவின் மொட்டு விழித்துக்கொள்ளும். கிள்ளியதையும் அதே தொட்டியில் செருகிவிடலாம். இதைத் தொடர்ந்து செய்பவர் வீட்டில் கொடி கீழே இறங்குவதோடு மேலேயும் அடர்ந்திருக்கும். தொங்கும் கொடியின் இலை சிறுத்துக்கொண்டே போவது இயல்பு. இதே செடி மரத்தைப் பற்றி ஏறினால் இலை முறத்தைவிடப் பெரிதாகிக் கிழிந்து தொங்கும். மலையடிவாரத்துச் சாலைமரங்களில் அதைப் பார்த்து வேறு செடி என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. பெரிய இலை வேண்டுமானால் தொங்கவிடாமல் நார்க்கம்பு நட்டு ஏற்றுங்கள்.

மற்றக் கொடிகள், சுருக்கமாக

இதய இலைப் பிலோடென்ட்ரான் மணி பிளாண்ட் மாதிரியேதான். தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஊதாக்கோடு போட்ட டிரேடஸ்கான்ஷியாவை ஒடித்து மண்ணில் குத்தினாலே போதும். அதை அடக்குவதுதான் வேலை, வளர்ப்பது வேலையே இல்லை. ஹோயா மலேசியக் காடுகளிலேயே பல வகை வளரும் கொடி. வெட்டினால் வெள்ளைப் பால் வடியும். அது காயும்வரை ஒரு மணி நேரம் விட்டு, கணுவோடு கருக்கிய உமியில் வையுங்கள். ஒரு மாதத்துக்குமேலும் ஆகலாம். பூ உதிர்ந்த குச்சியை வெட்டிவிடாதீர்கள், அடுத்த பூ அதே குச்சியில்தான் வரும். காதலர் தினத்தில் இதய வடிவ ஒற்றை இலையைச் சின்னத் தொட்டியில் நட்டு விற்பார்களே, அதுவும் ஹோயாதான். பெரும்பாலும் கணு இல்லாத இலை. வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். கொடியாகும் என்று எண்ணி வாங்க வேண்டாம். முத்துமாலை போல உருண்டை இலை தொங்கும் செடி தென்னாப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளைச் சேர்ந்தது. இந்த ஈரக்காற்றில் அதை வளர்த்துக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டாதீர்கள்.

வெற்றிலை

பினாங்கின் மிளகுச் சாகுபடியும் ஒரு கொடியின் தண்டுத்துண்டில் தொடங்கியதுதான். ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் 1786இல் தீவில் இறங்கிய சில ஆண்டுகளில், 1790இல், சீனச் சமூகத் தலைவரான காப்பித்தான் கோ லே ஹுவான் சுமத்ராவின் அச்சேயிலிருந்து மிளகுக் கொடிகளைத் தருவித்து நட்டார். தீவின் முதல் மிளகுத் தோட்டம் அப்படித்தான் உருவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலை சரிந்து மிளகு ஒடுங்கியது வேறு கதை. அந்த மிளகின் நெருங்கிய உறவு வெற்றிலை. மிளகுக்கு எந்தத் துண்டு பொருத்தமோ வெற்றிலைக்கும் அதுவே.

லெபோ குயின் மாரியம்மன் கோவிலைச் சுற்றியுள்ள பூக்கடைகளிலும் லெபோ பாசார் பக்கத்திலும் வெற்றிலைக் கட்டு எப்போதும் கிடைக்கும். அந்த இலைகளைக் காம்போடு தண்ணீரில் போட்டுக் கொடி வளர்க்கப் பார்ப்பவர்கள் உண்டு. இந்த அத்தியாயத்தை இதுவரை படித்தவர்களுக்கு அது ஏன் நடக்காது என்று தெரியும். கொடி வைத்திருப்பவரிடம்தான் துண்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் நர்சரியில் தொட்டியாக வாங்கவேண்டும். வாங்கும்போது ஓர் எச்சரிக்கை: இங்கே காடுக் என்ற செடி வெற்றிலையின் சாயலிலேயே இருக்கும், பினாங்கின் ஓத்தாக் ஓத்தாக், நாசி உலாம் ஆகிய உணவுகளில் சேர்க்கும் இலை. அது தரையை ஒட்டிப் படரும், பளபளக்கும், சின்ன வெள்ளைக் கதிர் நிமிர்ந்து நிற்கும், உயரமாக ஏறாது. வெற்றிலை ஏறும். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தால் காரமணம் அடையாளம் சொல்லிவிடும். மணி பிளாண்ட்டையும் வெற்றிலையையும் அருகருகே ஒரே கம்பில் ஏற்ற வேண்டாம்; கண் மங்கிய பெரியவர் கை மாறிப் பறித்தால் வாய் புண்ணாகிவிடும்.

வெற்றிலைக் கொடியில் இரண்டு வகைத் தண்டு இருக்கும். மேலே ஏறும் தண்டில் ஒவ்வொரு கணுவிலும் சுவரைப் பற்றும் குட்டைவேர்கள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக இருக்கும். பக்கவாட்டில் நீட்டும் கிளைத்தண்டில் அந்தப் பற்றுவேர் இருக்காது. பக்கக்கிளையை நட்டால் வேர் விடக்கூடும், ஆனால் புதராகச் சாய்ந்து நிற்கும், ஏறாது. பற்றுவேர் உள்ள ஏறுகொடியைத்தான் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டு வெற்றிலைக் கொடிக்கால்களில் விதைக்கொடி என்று பிரித்தெடுத்து வைப்பது இதைத்தான். மூன்று முதல் ஐந்து கணு உள்ள துண்டுகளாக வெட்டுவார்கள். வீட்டுத் தொட்டிக்கும் அதே அளவு. இரண்டு கணு மண்ணுக்குள், மீதி வெளியே.

வெற்றிலைக்குத் தண்ணீர் ஜாடி ஒத்துவராது என்றில்லை, ஆனால் அழுகும் துண்டுகள் அதிகம். மேலே சொன்ன கலவையில் மக்கிய இலைமண்ணையும் ஒரு பங்கு சேர்த்து நடுங்கள். மணி பிளாண்ட் பொறுத்துக்கொள்ளும் பல தவறுகளை வெற்றிலை பொறுக்காது. நேர்வெயில் கூடாது, காய்ந்த காற்று கூடாது, மண் ஒருநாளும் முழுக்கக் காயக் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. பைட்டோப்தோரா என்ற பூஞ்சை போன்ற கிருமி அடித்தண்டைப் பிடித்தால் தண்டு கறுத்துக் கொழகொழப்பாகி, மேலே இலை திடீரென்று துவளும். அப்போது மருந்து தேடி ஓடுவதைவிட, கறுப்புக்கு நன்றாக மேலே நல்ல தண்டிலிருந்து உடனே துண்டுகள் எடுத்துப் புது மண்ணில் நட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம். பழைய மண்ணை வேறு தொட்டியில் கொட்டாதீர்கள்.

மூன்று நான்கு வாரத்தில் முதல் மொட்டு கிளம்பும். கிளம்பியதும் கம்போ கயிறோ கொடுத்துவிடுங்கள். பிடிமானம் கிடைக்காத வெற்றிலைக் கொடி தரையில் அலைந்து மெலியும். சொரசொரப்பான மரப்பலகை சிறந்தது, வழவழப்பான பிவிசி குழாயில் வேர் பிடிக்காது. தளர்வாக, வாழைநாரால் கணுவுக்குக் கணு கட்டிவிட்டால் சில வாரத்தில் தானே பற்றிக்கொள்ளும். கொடி மார்பளவு உயரும்வரை இலையைப் பறிக்க அவசரப்பட வேண்டாம். பறிக்கும்போது கீழே முற்றியவற்றைக் காம்போடு கிள்ளுங்கள். நுனிப்பக்கத்து இலைகளை விட்டுவையுங்கள்.

ஓராண்டில் கொடி கைக்கு எட்டாத உயரம் போய்விடும். அடித்தண்டு மொட்டையாகும், இலை சிறுக்கும். கொடிக்கால்காரர்கள் அப்போது கொடியை இறக்கிக் கட்டுவார்கள். தொட்டியிலும் அதைச் செய்யலாம். மழை தொடங்கும் சமயம், கட்டுகளை அவிழ்த்து, கொடியை ஒடியாமல் மெல்லக் கீழே இறக்குங்கள். இலையில்லாத பகுதியைத் தொட்டி மண்மேல் வளையமாகச் சுற்றி வைத்து, இரண்டு விரல் கனம் புது மண்ணால் மூடுங்கள். நுனியில் ஒரு முழம் மட்டும் வெளியே நிற்க, அதை மறுபடி கம்பில் கட்டுங்கள். புதைந்த கணுக்கள் ஒவ்வொன்றும் புதுவேர் விடும். பக்கத்து வீட்டில் யாராவது துண்டு கேட்டிருந்தால், வளையத்தில் வேர் பிடித்த பகுதியை இரண்டு மாதம் கழித்து வெட்டிக் கொடுத்துவிடலாம். தாய்க்கொடிக்கு ஒன்றும் ஆகாது.